ஜஸீமாக்காவின் பிரேக்

ஜஸீமா முதன்முதலாகப் பட்டறைக்கு வந்த அன்று, பீம்ராவ் ஒரு ஜீப்பின் முன் பம்பரை அறுத்துக்கொண்டிருந்தான். போன வருஷம் அவனே பைப்பை வளைத்து, அவனே வெல்டு வைத்து மாட்டிய பம்பர். இந்த மாதிரி பம்பருக்கும் சத்தம் போடுகிற சைலன்சருக்கும் போலீஸ் மடக்கி மடக்கி அபராதம் போட்டதில், ஆசையாக மாட்டிக்கொண்டு போன பையன்களே திரும்பி வந்து கழற்றச் சொன்னார்கள். போட்ட கையாலேயே அறுக்கிற வேலைதான் அந்த மாதம் முழுக்க.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் ரயில் நிற்கிற தண்டவாளத்தை ஒட்டி அவன் பட்டறை. அவன் வைக்கிற வெல்டு, மீன் செதில் அடுக்கின மாதிரி வரிசையாக விழும். அண்ணா நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருகிற பையன்கள் அதை மட்டும் தனியாகப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். அதில் அவனுக்கு நிறையவே பெருமை உண்டு.

வெளியே மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு நாற்பது வயசு இருக்கும். பின்னால் நைட்டி மூட்டைகள், பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியும் ஓரமெல்லாம் நனைந்திருந்தன. அவள் இரண்டு காலிலும் இரும்புப் பட்டை போட்ட செருப்பு. கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"இன்னா நைனா, மாட்றதும் நீதான், கழட்றதும் நீதானா?" என்றாள், ஜீப்பைப் பார்த்து.

பீம்ராவ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தான்.

அவள் பெயர் ஜஸீமா. வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம். மாத்தூர், மாதவரம், திருவொற்றியூர் என்று கடை கடையாகச் சரக்குப் போட்டுவிட்டு வருவாள். சின்ன வயசில் போலியோ வந்து இரண்டு காலும் போனது. ஸ்கூட்டரில் மழைக்கும் வெயிலுக்கும் அலைந்து அலுத்துப்போய், கிளட்ச் இல்லாத, கியர் தானாக மாறுகிற சின்னக் கார் ஒன்றை செகண்ட்ஸில் வாங்கியிருந்தாள். இப்போதைக்கு அவள் தம்பி மொஹ்சின்தான் அதை ஓட்டுகிறான்.

"அவன் வர்றதுக்குள்ள கடைக்காரன் ஷட்டர போட்டுட்டுப் போய்ட்றான். நானே ஓட்டணும். கையாலயே பிரேக்கு, கையாலயே ஆக்ஸிலேட்டர். நாலு பட்டறையில கேட்டேன். எல்லாம் என் கால பாத்துட்டு, முடியாதுன்ட்டானுங்க. நீ இன்னா சொல்ற?"

பீம்ராவ் அந்த மாதிரி வேலை அதுவரை செய்ததில்லை. ஆனால் கேட்டதும் அவன் கை பரபரத்தது. அறுத்து அறுத்துச் சலித்த கைக்குப் புதிதாக ஒன்று செய்யக் கிடைக்கிறதே என்றிருந்தது. "பண்ணிடலாம்க்கா" என்றான்.

ஸ்டீரிங்குக்கு இடது பக்கம் ஒரு தடி. தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர், முன்னால் தள்ளினால் பிரேக். தடியின் கீழ் முனையிலிருந்து ஒரு பைப், பிரேக் பெடலுக்குப் போகும். சைலன்சர் செய்து மிஞ்சிய பைப்பில் அதைச் செய்தான். துடைத்தால் கண்ணாடி மாதிரி மின்னும் என்பதற்காகவே அந்தப் பைப்பை எடுத்தான். வெல்டு அவ்வளவு அழகாக விழுந்தது. வீட்டுக்குப் போய் மனைவி யசோதராவிடம் போட்டோவைக் காட்டினான். "இன்னாது, வண்டிக்கு நகை பண்ணி போட்டுகீற?" என்று கேட்டாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலி பக்கம் லாரிகள் நிறுத்துகிற காலி மைதானத்துக்குப் போனார்கள். முதலில் பீம்ராவ் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினான். பிறகு ஜஸீமா உட்கார்ந்தாள். மொஹ்சின் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே கூட நடந்தான். முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்றில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்து ஏதோ கத்திச் சிரித்தாள். மூலையில் திரும்பும்போது குறுக்கே ஒரு மாடு வந்தது. தடியை முழு பலத்தோடு முன்னால் தள்ளினாள்.

பைப் மடங்கியது. கார் நிற்கவில்லை. மாட்டைத் தவிர்க்க ஸ்டீரிங்கை ஒடித்ததில் நேராகப் போய் மதில் சுவரில் மோதி நின்றது.

பீம்ராவும் மொஹ்சினும் ஓடினார்கள். ஜஸீமா இடது மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. மொஹ்சின் அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, திரும்பி வந்து பீம்ராவின் சட்டையைப் பிடித்தான்.

"இன்னாய்யா வேல பண்ணிகீற? அவளுக்குக் கைதான்யா காலு! அதையும் ஒடச்சிட்டியே!"



ஒடுங்கின காரைப் பட்டறைக்கு இழுத்து வந்ததும் பீம்ராவ் முதலில் குனிந்து பார்த்தது அந்தப் பைப்பைத்தான். வெல்டு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல். அதற்குப் பக்கத்திலேயே பைப் மட்டும் ஜூஸ் குடிக்கிற குழல் மாதிரி மடங்கிக் கிடந்தது. புகை போவதற்கான பைப். பெண் ஒருத்தியின் உயிரைத் தாங்குவதற்கானது இல்லை. அழகுக்கு ஆசைப்பட்டு எடுத்தோம் என்று அவனுக்கே தெரிந்தது. வெல்டிங் டார்ச்சின் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். ஷட்டரை இறக்கினான்.

அதற்கப்புறம் அவன் பட்டறையைத் திறக்கவில்லை. எண்ணூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் கேட் செய்கிற வேலைக்குப் போகலாமா என்று விசாரித்தான். யசோதரா சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தக்காவ போய் பாத்தியா?"

"எந்த மூஞ்சிய வச்சிகினு போறது?"

"கீற மூஞ்சிய வச்சிகினுதான்."

ஆனாலும் அவன் போகவில்லை. வண்ணாரப்பேட்டை வரைக்கும் ஒரு தடவை போய், தெருமுனையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

கடைசியில் ஜஸீமாதான் வந்தாள். ஷட்டர் மூடியிருப்பதைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, வியாசர்பாடியில் அவன் வீட்டு வாசலுக்கே ஆட்டோவில் வந்துவிட்டாள். இடது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஒரு கையால் கட்டையை ஊன்ற முடியாததால் மொஹ்சின் தாங்கிப் பிடித்திருந்தான். அவன் பீம்ராவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான்.

"கை ஒடஞ்சவள பாக்க வர மாட்டியா? ஒரு கிலோ ஆப்பிள் வாங்கினு வந்தா கொறஞ்சா போய்டுவ?" என்றாள் ஜஸீமா.

பீம்ராவ் தலை குனிந்து நின்றான். "தப்புக்கா. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"ஆமா, பண்ணிட்ட. எனக்குக் கோவம் கீது. தட்டுல சோறு பெசைய முடியல, இவன்தான் ஊட்றான். கோவம் போறதுக்கு நாளாவும். ஆனா எனக்கு வண்டி வேணும்."

"வேற ஆள பாருங்கக்கா."

"வேற ஆளு இருந்தா உன் வூட்டு வாசல்ல வந்து ஏன் நிக்கறேன்? மத்தவனுங்க என் கால பாத்தானுங்க. நீ ஒருத்தன்தான் வண்டிய பாத்த." யசோதரா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லு. நீ ஓட்டிப் பாத்த இல்ல, அப்ப உன் காலு எங்க இருந்துச்சு?"

பீம்ராவ் யோசித்தான். கால் பெடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஏதாவது ஆனால் மிதித்துவிடலாம் என்று தயாராக.

அவன் முகத்தைப் பார்த்து ஜஸீமா தலையசைத்தாள். "அப்ப நீ என் வண்டிய ஓட்டவே இல்ல. உன் வண்டியதான் ஓட்டிகீற. இந்தத் தடவ கால கட்டிகினு ஓட்டு."

யசோதரா கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பீம்ராவ் உள்ளே போய்ப் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஜஸீமாவின் கை கூடுவதற்குள் அவன் வேலையைத் திரும்பத் தொடங்கினான். காரின் ஒடுங்கின முகத்தைத் தட்டி நிமிர்த்தினான். பிரேக்குக்கு இந்த முறை பைப்பே இல்லை, கெட்டிக் கம்பி. கம்பியைத் தாங்குகிற பட்டையை ஸ்டீரிங் தண்டில் தொங்கவிடாமல், அடித்தளத்தோடு சேர்த்து போல்ட் போட்டான். அது மின்னவில்லை. கறுப்பாக, தடியாக, கிரில் கம்பி மாதிரி இருந்தது.

பிறகு யசோதராவைக் கூட்டிக்கொண்டு அதே மைதானத்துக்குப் போனான். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, பழைய துப்பட்டாவால் இரண்டு காலையும் சேர்த்து சீட்டின் அடிச்சட்டத்தோடு கட்டச் சொன்னான்.

"நம்ம கல்யாணத்துல தாலி இல்ல, மாலதான் மாத்திகினோம். இப்பதான் ஒனக்கு முடிச்சு போட்றேன்" என்று சிரித்தபடியே யசோதரா இறுக்கினாள்.

வண்டி நகர்ந்ததும் பீம்ராவுக்குச் சிரிப்பு போய்விட்டது.  வேகம் கொஞ்சம் கூடினாலே கால் தானாக உதறியது, கட்டு விடவில்லை. பிரேக் போட்டபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. வண்டி நின்றது. ஆனால் அவன் உடம்பு நிற்கவில்லை. எல்லோரும் பிரேக் போடும்போது காலைத் தரையில் ஊன்றித்தான் உடம்பைத் தாங்கிக்கொள்கிறார்கள். காலில் பலம் இல்லாதவர்களுக்கு அந்த ஊன்றுகோலே கிடையாது. உடம்பு முன்னால் சரிய, தடியைத் தள்ளுகிற கைக்கு அழுத்தம் கிடைப்பதில்லை. அன்றைக்கு ஜஸீமா அந்தத் தடியைத் தள்ளியபோது பிடிமானமே இல்லாமல் அந்தரத்தில் தள்ளியிருக்கிறாள். பைப் உறுதியாக இருந்திருந்தாலும் வண்டி நேரத்துக்கு நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

"யசோ, வண்டி இல்ல, சீட்டுதான் தப்பு" என்று கத்தினான்.

அந்த வாரம் முழுக்க சீட்டு வேலை. இரண்டு பக்கமும் இடுப்பை அணைக்கிற மாதிரி சட்டம் வளைத்து, ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தான். தோள் இரண்டையும் பிடிக்கிற பெல்ட் போட்டான். ஓட்டிப் பார்த்ததில், ஹாரன் அடிக்கக் கை மிச்சமில்லை என்பதும் தெரிந்தது. ஹாரன் பொத்தானைத் தடியின் தலையிலேயே வைத்தான். வலது கைக்கு ஸ்டீரிங்கில் ஒரு குமிழ். ஒவ்வொரு நாள் காலையிலும் யசோதரா காலைக் கட்டுவாள், அவன் ஓட்டுவான், வந்து எதையாவது வெட்டி மாற்றுவான். மைதானத்து லாரி டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தள்ளி நின்று பார்த்தார்கள். அப்புறம் அவன் வந்தால் வண்டியை ஒதுக்கி இடம் விட்டார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்து, கையில் பலம் வந்த பிறகு ஜஸீமா வந்தாள். மொஹ்சின் இந்தத் தடவை படம் எடுக்கவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பக்கத்து சீட்டில் பீம்ராவ். இடுப்பை அணைத்த சட்டத்துக்குள் ஜஸீமா கொஞ்சம் அசைந்து பார்த்தாள்.

"யம்மா, மடியில ஒக்காந்த மாதிரி கீது" என்றாள்.

மைதானத்தின் நடுவில் வந்ததும், யாரும் கேட்காமலேயே, வேகத்தைக் கூட்டித் தடியை அடித்துத் தள்ளினாள். கார் சட்டென்று நின்றது. தூசு எழுந்து முன்னால் போனது. அவள் உடம்பு அசையவில்லை.

 பின்னாலிருந்து மொஹ்சின் பீம்ராவின் தோளில் கை வைத்தான். "மாமு, அன்னிக்குச் சட்டைய புடிச்சிட்டேன்" என்றான்.

"புடிச்சது சரிதான்" என்றான் பீம்ராவ்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் கீழே படுத்து எல்லா போல்ட்டையும் தட்டிப் பார்த்தார். தானே உட்கார்ந்து பிரேக்கைத் தள்ளிப் பார்த்தார். பிறகு ஜஸீமாவை எட்டுப் போட வைத்துவிட்டு, "போயிட்டு வாங்கம்மா" என்றார். அவள் அங்கிருந்து நேராகக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

அவள் சொல்லி ஆள்கள் வரத் தொடங்கினார்கள். ராயபுரத்திலிருந்து ஆசீர்வாதம் என்று ஒருவர், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டி ஒரு காலை இழந்தவர். வந்தவர் காரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "நீங்க கால கட்டிகினு ஓட்டிப் பாப்பீங்களாமே?" என்று கேட்டார். பீம்ராவ் அவர் இழந்தது எந்தக் கால் என்று பார்த்து, தன்னுடைய அதே காலைக் கட்டிக்கொண்டான்.

ஆனால் பீம்ராவுக்கு மனசில் ஒன்று பாக்கியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் ஆப்பிள் பையோடு வண்ணாரப்பேட்டைக்குப் போனான். ஜஸீமா கடை வாசலில் காரில் மூட்டை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"கை கூடி எத்தன நாளாச்சு, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, ஒண்ணு சொல்லணும்." தெருவில் கைவண்டிகளும் ஸ்கூட்டர்களும் அலறிக்கொண்டிருந்தன. அவன் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "அன்னிக்கு நீங்க என் வூட்டுக்கு வராம இருந்திருந்தா, நான் டார்ச்ச மறுபடி தொட்டிருக்க மாட்டேன். நீங்க எனக்குப் பண்ணது பெருசுக்கா. என்னிக்கும் மறக்க மாட்டேன்."

 ஜஸீமா ஆப்பிளில் ஒன்றை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"நானும் ஒண்ணும் சும்மா வரல பீமு. வேற எவன் கிட்ட போனாலும் மொதல்லேர்ந்து சொல்லணும். நீ ஒரு தடவ தோத்தவன். இனிமே பயந்து பயந்து செய்வன்னு தெரியும்." ஆப்பிளைக் கடித்தாள். அவள் கண் ஓரம் நனைந்திருந்ததை அவன் பார்த்தான். "நேத்து திருவொத்தியூர் கடலோரம் வண்டிய நிறுத்தி, நானா ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேன். யாரும் என்ன கூட்டினு போவல, யாரும் வூட்டுக்கு வான்னு அவசரப்படுத்தல. அல்லாஹ் கிட்ட ஒனக்கும் சேத்துதான் கேட்டேன். போதுமா? போய் அந்த மூட்டைய தூக்கி பின்னால வை. மாத்தூருக்கு சரக்கு போவணும். நீயும் ஏறு."

பீம்ராவ் மூட்டைகளை ஏற்றிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். காலையிலிருந்து பட்டறையில் நின்ற களைப்பு. ஜஸீமா குமிழைச் சுழற்றி, லாரிகளுக்கு நடுவே வழி பிடித்து, ஹாரனைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போனாள். மணலி சாலையில் ஒரு டாங்கர் குறுக்கே திரும்ப, தடியைத் தள்ளி நிறுத்தி, டிரைவரை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி எடுத்தாள்.

"இன்னா பீமு, எப்டி ஓட்றேன்?" என்று திரும்பிப் பார்த்தாள்.

பீம்ராவ் ஜன்னலில் தலை சாய்த்து, வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.