சவுனாக் குளத்துக் கெண்டைகள்

இல்மோ கடைசியாகச் சொன்னது ஓர் எண். மர உச்சியில் நின்றபடி, மூன்றாவது குஞ்சின் காலில் பூட்டிய வளையத்தின் எண்ணை அவன் ஒவ்வொரு இலக்கமாகக் கூவ, கீழே நின்ற அவன் மனைவி ஹெல்யா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி இலக்கத்தை எழுதி முடிப்பதற்குள் மேலே கிளை முறியும் சத்தம் கேட்டது. கயிறு கட்டித்தான் ஏறியிருந்தான். கயிறு கட்டிய கிளையே முறிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் அந்த வட்டாரத்தில் மீன்பிடிப் பருந்தான விராலடிப்பானின் கூடுகள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கியவன், ஹௌகி ஏரிக்கரைப் பைன் மரத்தடியில் அவள் கண்முன்னே விழுந்து கிடந்தான். அது போன ஜூலையில்.

மார்ச்சில், ஏரிப் பனி இன்னும் வண்டியைத் தாங்கும் காலத்தில், பறவைகள் தெற்கிலிருந்து திரும்புவதற்கு முன் கூடுகளைச் செப்பனிட்டு வைப்பது குஞ்சுகளுக்கு அடையாள வளையம் போடுகிறவர்களின் வழக்கம். இல்மோவின் வட்டாரத்தை அடுத்த வட்டாரக்காரன் என்ஸியோ ஏற்றுக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயது. மனைவி விட்டுப் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. அவன் பனிவண்டியோடு வாசலில் வந்து நின்றபோது ஹெல்யா உள்ளே கூப்பிடவில்லை.

"அந்த மரத்த வெட்டிடு," என்றாள்.

"உளுத்துத்தான் போயிருக்கு. எழுதிக் கேட்டா அனுமதி தருவாங்க. ஆனா கூடு இருக்கே."

"வேற மரத்துல கட்டு. இல்மோவவிட நல்லாக் கட்டுவேன்னு இருபது வருஷமா சொல்லிட்டிருக்கே. கட்டு, பாப்போம்."

"கட்டுவேன்தான். அவன் கட்டுனதெல்லாம் தொட்டில் மாதிரி ஆடும்," என்று சொல்லிவிட்டு என்ஸியோ நாக்கைக் கடித்துக்கொண்டான். கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "பொண்ணு பறவ புதுக் கூட்டக் கண்டுபிடிச்சிடுவா. அவளுக்குக் கூடுதான் கணக்கு. அவ ஜோடி, அந்தக் கெழவன் எப்படியோ, சொல்ல முடியாது. ஆம்பளைங்க பழைய எடத்துலயே போய் நிப்பானுங்க."

"நிக்கட்டும். வெட்டு."

வெட்டினான். மரங்கொத்திக்கு ஆகட்டும் என்று இரண்டாள் உயரத்துக்கு அடிமரத்தை மட்டும் விட்டான். குடாவின் எதிர்க்கரையில் உறுதியான ஒரு பைனின் தலையைத் தறித்து, சட்டமும் கம்பிவலையும் பொருத்தி, பழைய கூட்டின் சுள்ளிகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டுபோய் அடுக்கினான். மோட்டார் ரம்பத்தின் சத்தம் வீடுவரை கேட்டது. மரம் சாய்ந்தபோது ஹெல்யாவுக்கு அழுகை வரவில்லை. பசித்தது. ரை ரொட்டியில் கனமாக வெண்ணெய் தடவி இரண்டு துண்டு தின்றாள்.

பெண் பறவை ஏப்ரல் பதினேழில் வந்தது. இரண்டு நாள் சுற்றிவிட்டுப் புதுக் கூட்டில் இறங்கியது. ஹெல்யா பறவை பார்க்கும் பலகைக் குடிலில் தொலைநோக்கியோடு காத்திருந்தாள். குடிலில் இல்மோ விதித்த சட்டங்கள் இன்னும் அமலில் இருந்தன. பறவை கூட்டில் இருக்கும்போது வெளியே வரக்கூடாது, மூத்திரத்துக்கு டப்பா, பறவைக்குப் பெயர் வைக்கக்கூடாது. "பேரு வச்சா அப்பறம் அழணும்," என்பான். அதனால் ஒன்பது வருஷமாக அந்தக் கூட்டை ஆண்ட ஆணுக்குப் பெயரில்லை. அது குஞ்சாக இருந்தபோது வளையம் போட்டவன் இல்மோ, எண் எழுதியவள் அவள்.

அது பெண்ணுக்கு இரண்டு மூன்று நாள் பின்னால்தான் எப்போதும் வரும். இந்த முறை வரவில்லை. ஆறாம் நாள் வளையமே இல்லாத ஓர் இளம் ஆண், காலில் துடிக்கும் மீனோடு கூட்டுக்கு மேலே வந்து கத்தியது. பெண் சிறகைத் தாழ்த்தி வாயைத் திறந்தது. மீன் கைமாறியது. மூன்றாம் நாள் இரண்டும் கூடின. ஹெல்யா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

பக்கத்தில் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த என்ஸியோ சிரித்தான். "என்ன, வெக்கமா?"

"ஒம்பது வருஷம். ஆறு நாள் பொறுக்க முடியலையா அவளுக்கு?"

"அவ வீட்ல காலண்டர் இல்ல. வயித்துல முட்ட இருக்கு. எவன் மீன் கொண்டாறானோ அவன்தான் புருஷன்." காபியை நீட்டினான். "பன்னு இருக்கு. ஏலக்காய் தூக்கலாப் போட்டது. ஒனக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன்."

அவள் காபியை வாங்கிக்கொண்டாள், பன்னை வாங்கவில்லை. குளிர்காலம் முழுக்க அவன் அவளுக்கு விறகு பிளந்து அடுக்கியிருந்தான், நீராவிக் குளியல் எடுக்கும் சவுனாவின் அடுப்புப் புகைக்குழாயைச் சுத்தம் செய்திருந்தான். போன வாரம் கடையில் பில் போடுகிற பெண், "காபித்தூள் பெரிய பாக்கெட்டா? ரெண்டு பேருக்கா?" என்று கேட்டு உதட்டுக்குள் சிரித்தாள்.

மே ஆறாம் தேதி பழையவன் வந்தான். அதற்குள் கூட்டில் மூன்று முட்டைகள்.

அவன் நேராகப் பழைய மரத்துக்கு வந்தான். அங்கே மரம் இல்லை. மரத்தின் உச்சி இருந்த இடத்தில், வெறும் காற்றில், ஒரே உயரத்தில் சுற்றினான். கால்களைத் தொங்கவிட்டு இறங்கப் போவான், மறுபடி எழும்புவான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. கடைசியில் கீழே வெட்டுண்ட அடிமரத்தின் மேல் உட்கார்ந்தான். மறுநாள் சுள்ளி கொண்டுவந்தான். ரம்பம் இழைத்துவிட்டிருந்த வழவழப்பான வெட்டில் சுள்ளியை வைப்பான், அது சரிந்து விழும். போய் இன்னொன்று கொண்டுவருவான். ஹெல்யா எண்ணினாள். அன்றைக்கு மட்டும் நாற்பத்து மூன்று. ஒன்றுகூட நிற்கவில்லை.

இதைச் செய்தவள் தான்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. என்ஸியோ எச்சரித்தும் செய்தவள். பழையவனுக்கு அவன் கூடு திரும்பக் கிடைக்க வேண்டும். அந்த வசந்தத்தில் அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

எதிர்க்கரைக் கூட்டைப் பழையவன் பார்த்துவிட்ட பிறகு சண்டை தொடங்கியது. அவன் ஒருவன், அவர்கள் இருவர். புதியவன் மேலிருந்து விழுந்து அடிக்க, பெண் முட்டைமேல் படுத்தபடியே கழுத்தை நீட்டிக் கத்தியது. ஒன்பது வருஷம் மீன் வாங்கித் தின்ற அதே வாய். ஏரியில் பனி பாதிதான் உருகியிருந்தது. மீன் மேலே வருகிற ஒரே திறந்த நீர் ஓடை முகத்தில்தான். புதியவன் அதையும் காவல் காத்தான். பழையவன் அங்கே தலைகாட்டினால் துரத்தி, பனிமேல் கிடத்தி மிதித்தான். ஒரு வாரத்தில் பழையவனின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டது. சிறகை மூடி வைக்கத் தெம்பில்லாமல் தொங்கப்போட்டபடி அடிமரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் நாலு நாள் தாங்குவான்," என்றான் என்ஸியோ. "நாம பாக்கத்தான் முடியும். கை வைக்கக்கூடாது. இல்மோ சட்டம்."

"இல்மோ சட்டத்த எனக்கு நீ சொல்லித் தராத."

அவள் வீட்டுச் சவுனாவை ஒட்டி ஒரு குளம் இருந்தது. சூட்டோடு ஓடிவந்து குதிக்க ஏரிவரை நடக்கச் சோம்பல்பட்டு இல்மோ வெட்டியது. இடுப்பளவு ஆழம், தெளிந்த நீர், வெயில் பட்டு முன்னதாகவே பனி விட்டுவிடும். ஹெல்யா கொட்டகையிலிருந்து மீன் பிடிக்கும் கம்பிக்கூண்டை எடுத்து, ஏரியின் நாணல் ஓரம் பனி விட்ட இடுக்கில் இறக்கினாள். கூண்டுக்குள் புகுந்த மீன் வெளியேற வழி தெரியாமல் கம்பியை முட்டிக்கொண்டே கிடக்கும். காலையில் எட்டுப் பத்துக் கெண்டைகள் இருந்தன. உயிரோடு வாளியில் தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தில் விட்டாள். குளத்தில் ஒளிய இடமில்லை. வெள்ளிக் காசுகள்போல மேலேயே மின்னிக்கொண்டு திரிந்தன.

மூன்றாம் நாள் காலை பழையவன் குளத்துக்கு மேலே வந்து நின்றான். பாய்ந்தான். ஹெல்யா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். பின்னால் காபி பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்தது. அவள் திரும்பவில்லை.

அதன்பின் தினமும் காலையில் கூண்டு, வாளி, குளம். பறவை தேறியது. ஒரு கெண்டையைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் காலில் இடுக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகவும் தொடங்கியது. கூட்டுக்கு மேலே மீனைக் காட்டிக் காட்டிப் பறக்கும். பெண் முதலில் கத்தியது. பிறகு வெறுமனே பார்த்தது.

"கெழவனுக்கு எங்கிருந்தோ தீனி கெடைக்குது," என்றான் என்ஸியோ. "பொணமாத்தான் பாப்பேன்னு நெனச்சேன். இப்போ பாரு, மாப்பிள்ளை மாதிரி வர்றான்."

"கெட்டிக்காரன்," என்றாள் ஹெல்யா.

மே இருபத்தெட்டு, முற்பகல். காற்றில்லை. அவள் குடிலில் தனியாக இருந்தாள். புதியவன் ஏரிக்கு மேலே நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பழையவன் அவனுக்கு மேலே போய்க் கல்லைப்போல விழுந்தான். இரண்டும் நகம் கோத்துச் சுழன்றபடி நீரில் விழுந்தன. ஒன்று எழுந்தது. மற்றது சிறகைத் துடுப்பாகப் போட்டு நீந்தி, கரையேறி, ஒரு பக்கச் சிறகு இழுபடப் பாறைமேல் நின்று நடுங்கியது. எழுந்தவன் பழையவன். அவன் மறுபடி அடித்தான். நடுங்கிக்கொண்டு நின்றவன்மேலேயே மூன்று முறை இறங்கி அடித்தான். பின்பு புதியவன் காட்டுக்குள் தாழப் பறந்து போனான். அந்தக் கோடையில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பழையவன் கெண்டை ஒன்றோடு கூட்டில் இறங்கினான். மீனை ஓரமாகப் போட்டான். அது நழுவிக் கீழே விழுந்தது. பெண் எழுந்து விலகி நின்றது. அவன் முட்டைகளைக் குனிந்து பார்த்தான். ஒரு காலைப் பின்னால் வீசி, சுள்ளியைத் தள்ளுவதுபோல முதல் முட்டையை வெளியே தள்ளினான்.

ஹெல்யாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மை அதுதான். போகட்டும், அவனுடையது இல்லையே என்று நினைத்தாள். விரல்கள் மடங்கி உள்ளங்கையில் நகம் பதிந்திருந்தது. இரண்டாவது முட்டை விழுந்தபோதும் அந்தச் சந்தோஷம் இருந்தது. மூன்றாவதை அவன் விளிம்பில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பெண் ஓரடி எடுத்து வைத்து, நின்றுவிட்டது. முட்டை விழுந்தது. இருபது மீட்டர். சத்தம் குடிலுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த உயரத்திலிருந்து ஒன்று விழுந்தால் எழும் சத்தம் அவளுக்குத் தெரியும். அப்போதுதான் எழுந்து டப்பாவில் வாந்தி எடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் என்ஸியோ வந்தான்; இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். இரண்டு முட்டைகள் வேரில் பட்டுச் சிதறியிருந்தன. மூன்றாவது பாசிமேல் விழுந்து பிளந்திருந்தது. அதற்குள் ஈரமாக, இறகில்லாமல், அலகு மட்டும் திறந்து மூடியது. வெளியே வர இன்னும் பத்து நாள் இருந்திருக்கும்.

"திரும்பிக்கோ," என்றான் என்ஸியோ.

"பாக்கறேன்."

அவன் அதைப் பூட்ஸ் குதிகாலால் மிதித்தான். ஒரே மிதி. காலைப் பாசியில் தேய்த்துத் துடைத்தான். பிறகு பக்கத்தில் கிடந்த கெண்டையைக் கண்டு குனிந்து எடுத்தான். திருப்பிப் பார்த்தான். மீனின் மூக்கு தோல் உரிந்து சிவந்திருந்தது. பறவை ஏரியில் பிடித்த மீனுக்கு மூக்கு அப்படி இருக்காது. இரவெல்லாம் கம்பியை முட்டிய மீனுக்குத்தான் இருக்கும். அந்த ஊரில் அது தெரியாதவர் கிடையாது.

என்ஸியோ மீனை அவள் முன்னால் நீட்டினான்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வாரமா. வாளியில கொண்டுவந்து சவுனாக் குளத்துல விடறேன்."

"இல்மோ இருந்திருந்தா ஒன்ன அந்தக் குளத்துலயே தள்ளியிருப்பான்."

"இல்மோ இல்ல."

"இல்லதான்." மீனைப் புதருக்குள் எறிந்தான். "மரத்த வெட்டுன்னே, வெட்டினேன். கெழவன் அங்கயே போய் நிப்பான்னு அப்பவே சொன்னேன். அதையும் கேக்கல. இப்போ இது. குளிரு தொடங்கினதுலேருந்து ஒனக்கு வெறகு பொளக்கறேன் ஹெல்யா. ஒரு தடவ உள்ள வந்து ஒக்காருன்னு சொல்லல. பறவைக்குப் போய் வாளி வாளியா..." முடிக்காமல் நிறுத்தினான்.

"ஒனக்கும் மீன் வேணுமா என்ஸியோ?" என்றாள் அவள். "வளையம் இல்லாதவனுக்கெல்லாம் நான் போடறதில்ல."

சொன்ன நொடியே அது எவ்வளவு ஆழம் போயிற்று என்று அவன் முகத்தில் பார்த்தாள். திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவன் தலையை ஆட்டினான், எதையோ ஒப்புக்கொள்கிறவனைப்போல. தனியாகப் படகுத்துறைக்கு நடந்தான்.

மேலே பழையவன் இன்னொரு கெண்டையோடு வந்தான். பெண் வாயைத் திறந்தது. வாங்கியது. வெறுங்கூட்டின் விளிம்பில் நின்று, தலையிலிருந்து தொடங்கி நிதானமாகத் தின்றது.

அந்த வருஷம் பெண் பறவை மறுபடி முட்டையிடவில்லை. காலம் கடந்துவிட்டது. கோடை முழுக்க இரண்டும் சேர்ந்து சுள்ளி அடுக்கின. பார்க்கிறவர்களுக்கு நல்ல ஜோடி.

ஜூலையில் கூட்டு அட்டை தபாலில் வந்தது. ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் அட்டை எழுதி ஹெல்சிங்கிக்கு அனுப்ப வேண்டும். என்ஸியோ மற்றதையெல்லாம் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் அவளுக்கு அனுப்பியிருந்தான். நேரில் வரவில்லை. குஞ்சுகள்: பூஜ்யம். அதன்கீழே கூடு தோற்றுப்போனதற்கான காரணம். புயல், மரநாய், மனிதர், தெரியவில்லை என்று நான்கு கட்டங்கள். அவன் பென்சிலால் "தெரியவில்லை" என்பதில் குறியிட்டிருந்தான். பென்சிலால், அழிக்கத் தோதாக.

ஹெல்யா அழித்தாள். பேனாவை எடுத்து, வளைய எண்கள் எழுதும் அதே சீரான கையெழுத்தில், "மனிதர்" கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே குளத்தில் சளப்பென்று சத்தம். அவள் வாளியை நிறுத்தி ஒன்றரை மாதமாகிறது. குளத்தில் ஒரு மீனும் கிடையாது. பழையவன் வெறுங்காலோடு எழுந்து, இறகை உதறிவிட்டு, சவுனாக் கூரையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தான். தினமும் இந்த நேரத்துக்கு வருகிறான். அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.