வாசலுக்கு மேல் நாகரிகம்

தாவ் அக்கா காரியமில்லாமல் வரமாட்டாள். அரசாங்கத்தின் தெருக் குழுக்காரி பரிசோடு வந்தால் இரண்டு மடங்கு உஷாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அன்று அவள் கையில் ஒரு பளபளப்பான தகடு. ‘நாகரிகக் குடும்பம்’ என்று கொட்டை எழுத்தில் சீனத்தில் பொறித்திருந்தது.

என் கணவர் மா ஷிலின் நூடுல்ஸ் கடைக்காரர். யாராவது புகழ்ந்தால் உருகிவிடுவார். மூடிக் கிண்ணத்தில் பேரீச்சை போட்டுத் தேநீர் கொடுத்தார்.

“எங்கள எதுக்கு அக்கா தேர்ந்தெடுத்தீங்க?” என்றேன்.

“நல்ல கேள்வி போ. ஐயாயிரம் வருஷ நாகரிகம் நம்மளோடது. ஹான் சீனர், ஹுய் முஸ்லிம்னு அதுல பிரிக்கலாமா? நீங்களும் அதே மரத்துக் கிளைதானே.”

“அது இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

“நீ சும்மா இரு,” என்றார் கணவர்.

தகட்டை வாசல் நிலைக்கு மேலே நட்டநடுவில் மாட்ட வேண்டுமாம். அங்கே இறைவன் பெயரை அரபியில் எழுதிய எங்கள் நீல ஓடு பதித்திருக்கிறது.

“பக்கத்துல மாட்டக் கூடாதா?”

“போட்டோ எடுப்பாங்க, கோணலாத் தெரியும்.” தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாள்: “உங்க சூயிங் டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா இல்ல? குடும்பம் எப்படின்னு விசாரிப்பாங்க.”

மகள் விண்ணப்பித்ததை என் தங்கையிடம்கூட நாங்கள் சொல்லவில்லை.

அவள் போனதும் கணவர் தகட்டோடு ஸ்டூலில் ஏறினார். “ஓட்ட உடைக்கலையே. பின்னாடி பத்திரமா இருக்கும். அல்லாவுக்குத் தெரியாதா?”

“அவருக்குத் தெரியும். மத்தவங்களுக்கு?”

கேட்டேனே ஒழிய, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான்தான். மகளுக்கு வேலை கிடைக்க வேண்டுமே. வாய் மட்டும்தான் எனக்கு நீளம்.

வெள்ளிக்கிழமை மதியம், குழந்தையோடு ஒரு வெளியூர்க்காரி வாசலில் நின்றாள். தலையில் பச்சை முக்காடு.

“தண்ணி வேணும். இந்தத் தெருவுல பன்னிக்கறி புழங்காத நம்ம ஆளுங்க வீடு எதுங்க?”

“இதுதான், உள்ள வா. சலாம்.” சமையல் வேலையில் நான் முக்காடு போட்டிருக்கவில்லை. அவசரமாகக் கிண்ணம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அவள் நிலைக்கு மேலே அரபி எழுத்தைத் தேடினாள். தகட்டைப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தாவ் அக்காவை நான் பார்த்த அதே பார்வை.

“பரவால்லைங்க. அடுத்த தெருவுல பார்த்துக்கறோம்.”

“நாங்களும் முஸ்லிம்தான்மா. அந்தத் தகட்டுக்குப் பின்னாடி…” மேலே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

குழந்தை கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.