நாலு பேர், ஒரு நாய்

தொலைக்காட்சியில் வரும் 'பட்டன் வீடு' கார்ட்டூனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழந்தை இருக்கும் வீடென்றால் வேறு வழியில்லை. அதில் அப்பா, அம்மா, பட்டன் என்கிற பையன், அவன் தங்கச்சி, கூடவே ஒரு நாய். அந்தப் பட்டன் என் தம்பி மகன்தான். அவனுக்குத் தங்கச்சி கிடையாது. நாய் பக்கத்தில் வந்தாலே தும்மல் வரும். பிறக்காத தங்கச்சிக்கும் வளர்க்காத நாய்க்கும் இடம் கிடைத்த அந்த வீட்டில், அவனைத் தூக்கி வளர்த்த அத்தைக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த அத்தை நான்தான்.

தம்பி கார்ட்டூன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி வங்கியில் அதிகாரி. குழந்தை தவழ ஆரம்பித்த நேரத்தில் அவளுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. மாதத்துக்கு ஒரு முறை வந்து போவாள். தம்பி காலையில் போனால், திரும்பி வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போயிருந்தது. அப்பா விட்டுப்போன பழைய வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்துகொண்டு, துணி தைத்துப் பிழைத்தேன். அதனால் குழந்தை என் தையல் மெஷினுக்குக் கீழேயே வளர்ந்தான். நான் மிதிக்க மிதிக்க அந்தச் சத்தத்தில் தூங்குவான். மெஷின் நின்றால் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவான். தைக்கத் துணி இல்லாத நாளிலும் சும்மா மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பட்டன் என்ற பேரும் அங்கே வந்ததுதான். ஒருநாள் என் பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, கோட்டில் தைக்கிற பெரிய பட்டன் ஒன்றை விழுங்கிவிட்டான். அவனை இடுப்பில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது, ஒரு காலில் செருப்பு, இன்னொன்று வழியில் எங்கேயோ கழன்று போய்விட்டது. டாக்டர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தானா வந்துடும், போங்க" என்றார். தானாக வருமாம். வந்ததா என்று தினமும் குச்சியை வைத்துக்கொண்டு தேடிப் பார்த்தது யார்? அதுவும் நான்தான்.

பிறகு தம்பி மனைவிக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனார்கள். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். சனிக்கிழமை மட்டும் என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு இந்தக் கார்ட்டூன் யோசனை வந்தது.

"ஒரு சின்னப் பையன், அவன் வீடு. அவ்ளோதான்க்கா. வீட்ல நடக்கறதுதான் கதை. நீ சொல்லு, அவன் சின்னதுல என்னென்ன பண்ணான்?" என்று கேட்டு, கைப்பேசியை மெஷின் மேல் வைத்துப் பேச்சைப் பதிவு செய்தான்.

நான் கொட்டித் தீர்த்தேன். முடிவெட்ட வந்தவர் விரலைக் கடித்தது, மழைக்குப் பயந்து பீரோவுக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, என் டேப்பால் பூனையை அளக்கப் போய்ப் பிறாண்டல் வாங்கியது. எல்லாம் சொன்னேன். என்னிடமும் கேட்க வந்தானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "நான் என்ன கலர் துணியில வருவேன்டா?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பாக்கலாம்க்கா" என்றான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் எபிசோடு வந்த அன்று அவன் ஃபிளாட்டில் ஸ்டுடியோ ஆட்கள் கூடியிருந்தார்கள். நான் புதுத் துணி போட்டுக்கொண்டு சோபாவில் நடுவில் உட்கார்ந்தேன். கார்ட்டூன் ஆரம்பித்தது. தையல் மெஷின் வந்தது. மெஷினுக்கு அடியில் பட்டன் வந்தான். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் கழுத்தில் டேப் தொங்கியது. அவன் அவளைப் பார்த்து, "அம்மா!" என்றான்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மா பட்டனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு செருப்பு கழன்று பறந்து தபால்காரர் தலையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்ட, விழுங்கிய பட்டன் துள்ளி வந்து அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. குச்சியை வைத்துத் தேடுகிற வேலை அந்த அம்மாவுக்கு இல்லை. கொடுத்து வைத்தவள். என் தம்பி மனைவிக்கோ ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. அவள் என் பக்கம் திரும்பாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுத்து ஓடியபோது, 'குடும்பத்தாருக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. அந்தக் கூட்டத்தில் நான் எங்கேயோ இருந்தேன் போலிருக்கிறது.

தம்பியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நான் எங்கடா?"

கையைப் பிசைந்தான். "அக்கா, நாலு பேருக்கு மேல குடும்பத்துல ஆள் வைக்கக் கூடாதுன்னு சேனல்ல சொல்லிட்டாங்க. சின்னப் பசங்களுக்கு மனசுல நிக்காதாம். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல, சிரிச்சா எப்படி, அழுதா எப்படின்னு தனித்தனியா வரையணும். குரல் வேற தேடணும்."

"அந்தத் தங்கச்சி எங்கேருந்துடா வந்தா?"

"பொம்பளைப் பசங்களும் பாக்கணும்ல. அதான். உன்ன எடுத்துடலக்கா, அம்மாவோட சேர்த்துட்டோம். நல்லாப் பாரு, அம்மா பண்றது எல்லாமே நீதான்."

"நான் செஞ்சதுக்கு அவ மூஞ்சிய வச்சுட்டு, சேர்த்துட்டோம்னு பூசி மெழுகறியா?"

அதற்குள் தம்பி மனைவி உள்ளே வந்தாள். "எனக்கே ஒரு மாதிரியாதான் இருக்கு அக்கா. நான் சொல்லிப் பாத்தேன்" என்றாள். சொல்லியிருப்பாள், நல்லவள்தான். ஆனால் இப்போது வங்கியில் வாடிக்கையாளர்கள் அவளைக் கார்ட்டூன் அம்மா என்று கூப்பிடுகிறார்களாம். நீங்களே தைப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சிரித்து வைக்கிறாளாம். இதை எனக்குச் சொன்னதும் தம்பிதான், பெருமையாக.

இதோடு போயிருந்தால் வயிறு எரிந்து, நாளடைவில் ஆறியிருக்கும். ஒரு சனிக்கிழமை பையன் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று சொன்னான்.

"அத்தை, நான் பட்டன முழுங்கினப்ப அம்மா ஒத்தச் செருப்போட ஓடினாங்க தெரியுமா?"

மிதிப்பதை நிறுத்தினேன். "யாருடா ஓடினது?"

"அம்மா."

"நீ பாத்தியா?"

"பாத்தேனே. எனக்கு ஞாபகம் இருக்கு. செருப்பு பறந்துச்சு."

பொய் சொல்கிற பையன் இல்லை. பார்த்துத்தான் இருக்கிறான், மறுஒளிபரப்போடு சேர்த்துப் பல தடவை. அவனுக்கு நிஜமாக நினைவிருக்க முடியாத வயதில் நடந்தது அது. நான் சொல்லித்தான் அவன் மனதில் ஏறியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் டிவி சொல்லிவிட்டது.

"அப்போ நான் எங்கடா இருந்தேன்?"

நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தான். "நீ ஊர்ல இல்ல" என்றான்.

இல்லைடா, நான்தான்டா ஓடினேன் என்று விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "ஆனா அது அப்படி வரலையே அத்தை" என்றான். அன்றைக்கு நான் தைத்த ரவிக்கை முழுவதும் கோணல். வாடிக்கைக்காரியிடம் திட்டு வாங்கினேன்.

அடுத்த முறை தம்பி கைப்பேசியை மெஷின் மேல் வைத்தபோது, எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். கதைகள் தீர்ந்துவிட்டன, சேனலில் நெருக்குகிறார்கள், நீ சொல்லாவிட்டால் நான் எங்கே போவேன் என்று கெஞ்சினான்.

"அத்தை வரணும். பையன் பாக்கற மாதிரி வரணும். வந்தா சொல்றேன், இல்லன்னா கிளம்பு."

ஒரு வாரம் ஆளையே காணோம். பிறகு வாயெல்லாம் பல்லாக வந்தான். "ஓகே பண்ணிட்டாங்கக்கா! விருந்தாளியா ஒருத்தர் வரலாமாம். ஒரு எபிசோடு முழுக்க அத்தைதான். ஒரே ஒரு விஷயம், விருந்தாளின்னா கடைசியில கிளம்பிடணும். அடுத்த வாரம் வீடு பழையபடி இருக்கணும்ல, அதுக்குத்தான்."

அத்தை வருகிறாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவனுக்குச் சொன்னேன். மாற்றலில் இருந்த காலத்தில் ஒரு தடவை தம்பி மனைவி ஊரிலிருந்து வந்தாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் பயந்துபோய் என் பின்னால் ஒளிந்துகொண்டு, என் துணியை இறுக்கிப் பிடித்து, "அம்மா, அம்மா" என்று என்னைக் கூப்பிட்டு அழுதான். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் விரல்களை நானே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். "நான் அத்தைடா செல்லம். அவங்கதான் அம்மா" என்று சொல்லி அவளிடம் தூக்கிக் கொடுத்தேன். அவனை அன்று கொடுத்தது எனக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. தம்பி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனான். அந்தக் கண்ணீரை நான் நம்பினேன்.

அந்த எபிசோடு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. பையன் என் வீட்டில் இருந்தான். மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு, தலையை வாரிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு யாரு வர்றாங்க பாரு" என்றேன்.

வந்தாள். பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, கட்டைக் குரல், மோவாயில் மூன்று முடியோடு ஒரு மரு. வாசலில் நின்று கையை நீட்டினாள். பட்டன் பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, அவள் துணியை இறுக்கிப் பிடித்து, "அம்மா, அம்மா" என்று அழுதான். கழுத்தில் டேப் தொங்க, அந்த அம்மா குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "பயப்படாதடா செல்லம். அத்தைதான்" என்றாள்.

அதற்குப் பிறகு அத்தை நாற்காலியை உடைத்தாள், குறட்டை விட்டு ஜன்னல் கண்ணாடியை விரிசல் விட வைத்தாள், தெரியாத்தனமாக நாயின் மேல் உட்கார்ந்தாள். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். குடும்பம் மொத்தமும் வாசலில் வரிசையாக நின்று, கையை ஆட்டி, "போயிட்டு வாங்க அத்தை!" என்று ராகம் போட்டுக் கத்தியது. கதவைச் சாத்தியதும் நாலு பேரும் அந்த நாயும் அப்பாடா என்று தரையில் சாய்ந்தார்கள். பையன் என் மடியில் விழுந்து புரண்டு சிரித்தான்.

அவனைக் கூட்டிப்போகத் தம்பி வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான். "குழந்தை வேற ஒருத்தர அம்மான்னு கூப்பிடறத காட்டினா, பாக்கற அம்மாங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லிட்டாங்கக்கா. அதான் கொஞ்சம் திருப்பிப் போட்டோம்."

"கொஞ்சமாடா?"

"ஆனா அத்தை செம ஹிட்டு. இனிமே மாசத்துக்கு ஒரு தடவ அத்தைய வரவழைக்கச் சொல்றாங்க. நீ கேட்டது கிடைச்சிடுச்சுல்ல?"

மாதத்துக்கு ஒரு முறை பெட்டியோடு வந்து போகிறவள். அப்படி வந்து போனவள் யார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அவனை அறைந்திருப்பேன். பையன் நிற்கிறானே என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

தம்பி வண்டியைத் திருப்பப் போனான். பையன் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி, தெருவில் நின்று, வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"போயிட்டு வாங்க அத்தை!"

அவன் தவழ்ந்ததும் நடந்ததும் இந்த வீட்டில்தான். அது அவனுக்குத் தெரியாது, இனிமேல் யாரும் சொல்லப்போவதும் இல்லை. நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன்.

"சரிடா செல்லம், போயிட்டு வரேன்" என்றேன்.