பாட்டிலின் பின்பக்கம்

அண்ணனுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. அடுத்த மாதமும் குறையாவிட்டால் பஸ் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிடுவேன் என்றார் டாக்டர். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் வாயைக் கட்ட முடியாதா உங்களால?" என்று டாக்டர் கேட்டபோது, பக்கத்தில் இருந்த நானும் சேர்ந்துகொண்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏனென்றால் அவர் வாயைக் கட்டித்தான் இருந்தார். டீயில் சீனி கிடையாது. பிஸ்கட் கிடையாது. அண்ணி சீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டியே விட்டாள். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சுகம், நான் வேலை பார்க்கும் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து கொண்டுவரும் பழச்சாறு. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தினம் ஒரு பாட்டில். பழம்தானே, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். வேர்த்திருந்தது. பின்பக்கம் இருந்த சலுகை ஸ்டிக்கர் நழுவி என் விரலோடு வந்தது. அதற்கடியில் சின்னதாக ஓர் அட்டவணை. நூறு மில்லிக்குப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை. பாட்டிலோ ஒரு லிட்டர். சேர்க்கவில்லையாம், பழத்திலேயே இருக்கிறதாம். அண்ணியிடம் சாவி வாங்கி, அவ்வளவு சீனியைத் தட்டில் அளந்து கொட்டினேன். முப்பது ஸ்பூன்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியது நான். காலையில் பெட்டி பிரித்து ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. முன்னால் பழப் படம் மறையக் கூடாது, பின்னால் அட்டவணை மேல்தான் ஒட்ட வேண்டும் என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. ஓரம் பிசகாமல் ஒட்டுகிறவள் என்று எனக்கு நல்ல பெயர் வேறு.

அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். ஸ்டிக்கரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நீ ஒட்டினதா? அதான் ஒரு எழுத்துகூட வெளிய தெரியல."

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "வாங்கறது அவங்கவங்க இஷ்டம்மா. நாம யாரையாவது கட்டாயப்படுத்தறோமா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைக் கட்டிவிட்டு இஷ்டமாம் இஷ்டம். ஆஸ்பத்திரி வரிசையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். அதில் எத்தனை பேர் என் பாட்டிலை நம்பிக் குடித்தார்களோ.

அன்று வந்த பெட்டிகள் அத்தனையிலும் ஸ்டிக்கரை முன்பக்கம், பழத்தின் மேல் ஒட்டினேன், ஓரம் பிசகாமல். அட்டவணை தெரியும்படி திருப்பி அடுக்கினேன். மத்தியானத்துக்குள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்றேன். சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார், மூடினார். எழுதவில்லை.

அடுத்த மாதம் அண்ணனுக்குச் சர்க்கரை நூற்றைம்பதில் வந்து நின்றது. பஸ் ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவாவது வாயைக் கட்டினீங்களே," என்று அண்ணனைப் பாராட்டினார்.