நூற்றிருபத்தேழு பல்

இப்பல்லாம் எவனும் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றதில்லை. "சரிங்க, ஆகட்டுங்க" என்று தலையை ஆட்டுவான். போய் அவன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டு வருவான். கேட்டால் எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்பான். பிரான்சு வெள்ளைக்காரன் இருந்தப்பவும் அயோக்கியன் இருந்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா முடியாதுங்கிறதுக்கு "நோன்" என்றால் நோன்தான். வாசலிலேயே தெரிந்துவிடும்.

என்னை மில்லிலிருந்து நிறுத்தியது ஐம்பத்தாறாம் வருஷம் கடைசியில். முப்பத்தொரு வருஷம் அங்கே கடைசல் வேலை பார்த்தவன் நான். புதுசாக வந்த மேனேஜர் என் கையைப் பார்த்தான். "நடுங்குது பெரியவரே, வீட்ல இருங்க" என்றான். நடுங்கவில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். சொன்னேன், கேட்கவில்லை.

மில்லுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பழைய லேத்து, கடைசல் மெஷின், மழையில் கிடந்தது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது, காலால் மிதித்து ஓட்டுவது. பழைய இரும்புக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கினேன். அதில் ஒரே ஒரு சாமான் சுத்தமாகக் கடைந்து காட்டினால் போதும், கை நடுங்குது என்றவன் வாய் அடையும். வேறு ஆசை இல்லை.

நெல்லித்தோப்பில் என் கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகை ஷஹாபுதீனுடையது. பித்தளை வார்க்கிற வேலை. இருபது வருஷப் பழக்கம். நான் அவனை பாய் என்பேன், அவன் என்னை மேஸ்திரி என்பான். வண்டி பிடித்து வந்து லேத்தை இறக்கி வைத்தது அவன்தான். அதை நான் மறைக்கவில்லை.

ஐந்து மாதம் ஆச்சு. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் தூளால் தேய்த்துத் துருவெடுத்தேன். மெஷினுடைய படுக்கை நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. காவி தடவிப் பார்த்துப் பார்த்து, மேடான இடத்தைச் சுரண்டி மட்டத்துக்குக் கொண்டு வந்தேன். அதுக்கே ரெண்டு மாதம். ஒடிந்த மிதிகட்டைக்குப் பதில் புதுசு போட்டேன். தேய்ந்துபோன நட்டை பாய் பித்தளையில் வார்த்துக் கொடுத்தான். நல்ல வேலை.

கடைசியாக நின்றது ஒரு பல்சக்கரம். அந்த லேத்து போல்ட்டுக்குப் பிரான்சு அளவுப்படி திருகுமரை வெட்டும். இங்கிலீஷ் அளவில் வெட்டணும் என்றால் இந்த ஒரு சக்கரத்தை மாட்டணும். அது சில்லுசில்லாக உடைந்து, பாதித் துண்டைக் காணோம். பல்லை எண்ண வழியில்லை. ஆனால் எனக்கு எண்ணத் தேவையில்லை. மில்லில் எங்களுக்கு மேலாளாக இருந்த வெள்ளைக்கார ஷெஃப் அந்தச் சக்கரத்தை எடுக்கிறப்பவெல்லாம் "சான் வேன் செத்" என்று சொல்லித்தான் எடுப்பார். நூற்றிருபத்தேழு.

உடைந்ததில் பெரிய துண்டை பாயிடம் கொடுத்து, புதுசு வார்க்கச் சொல்லி, ஷெஃப் சொன்னதையும் சொன்னேன்.

"செத்தா? அப்ப இனிமே பொழைக்காது மேஸ்திரி!" என்று சிரித்தான்.

"வெளையாடாத பாய். நூத்திருபத்தேழு. ஒண்ணு கூடக்கூடாது, கொறையக்கூடாது."

"சரி மேஸ்திரி, ஆகட்டும்."

இருபது நாளில் பழைய துண்டோடு புதுச் சக்கரம் வந்தது. மாட்டி மிதித்தால் கொஞ்சம் உறுமியது. "புதுசில்ல, ஓட ஓடப் பழகிடும்" என்றான். நம்பினேன். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை, அவனை நம்பினேன்.

முதல் வேலை பாகூரிலிருந்து வந்தது. சக்கரபாணி என்கிற விவசாயி. அவன் பம்புசெட்டு எஞ்சின் இங்கிலீஷ்காரன் செய்தது. அதில் ஒரு போல்ட்டு ஒடிந்து நிற்கிறது, வயலில் தண்ணீர் இல்லை. நட்டு மட்டும் கையில் இருந்தது. காலையில் மிதிக்க ஆரம்பித்து மத்தியானத்துக்குள் போல்ட்டைக் கடைந்து மரை வெட்டினேன். வெள்ளிக்கம்பி மாதிரி மின்னியது. டீக்கடைக்காரன் உட்பட நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். நட்டைப் போட்டுத் திருகினேன். நாலு சுற்று வழுக்கிக்கொண்டு போச்சு. அஞ்சாவது சுற்றில் இறுகி நின்றுவிட்டது.

இன்னொரு போல்ட்டு வெட்டினேன். அதே நாலு சுற்று.

சக்கரபாணி பெண்சாதி செல்வாம்பாள் வண்டியிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏங்க, அங்க நாத்து காஞ்சிக்கிட்டு கெடக்குது. நீங்க இங்க கெழவருக்குக் கை பழக்கிவுடறீங்களா?"

"சும்மா இரு" என்றான் அவன். என்னிடம் திரும்பி, "பெரியவரே, கண்ணு தெரியுதுங்களா?" என்றான்.

"கை நடுங்குதுன்னுதான் மில்லுல நிறுத்துனாங்களாம்" என்றான் டீக்கடைக்காரன்.

பாய் என் பக்கத்தில்தான் நின்றான். அவன் சொன்னான்: "வயசாச்சில்லம்மா. எல்லாருக்கும் வர்றதுதானே."

வண்டி போய்விட்டது. நான் ரெண்டு போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கை நடுங்கினால் ஒன்று மூணில் நிற்கும், ஒன்று ஆறில் நிற்கும். ரெண்டும் ஒரே இடத்தில் எப்படி நிற்கும்? அப்புறம் சாக்குக்கட்டியால் குறி போட்டுச் சக்கரத்தின் பல்லை எண்ணினேன். நூற்றிருபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். நூற்றிருபத்தெட்டுதான்.

அப்போதுதான் விளங்கியது. வட்டத்தைப் பங்கு போட பாய்க்குத் தெரிந்தது ஒரே வழி. காத்தாடிக் காகிதத்தைச் சுற்றளவுக்கு நறுக்கி, பாதி, பாதியில் பாதி என்று மடிப்பான். ஏழு மடிப்பு மடித்தால் நூற்றிருபத்தெட்டு. நூற்றிருபத்தேழு எந்த மடிப்பிலும் வராது.

பழைய சக்கரத்தின் பெரிய துண்டையும் புதுசையும் எடுத்துக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போனேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன். முதல் பல் பல்லோடு உட்கார்ந்தது. நாற்பதாவது பல் கால்வாசி விலகி நின்றது.

"மடிச்சியா பாய்?"

அவன் உலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கவராயம் வச்சு நாலு நாள் பாத்தேன் மேஸ்திரி. ஒத்து வரல. நூத்திருபத்தேழுன்னு எவனாவது பல்லு வெட்டுவானா? நீதான் மறந்துட்டு மாத்திச் சொல்றேன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படும்னு நானே சரி பண்ணிட்டேன்."

"துண்டு உன்கிட்டதான இருந்துச்சு. இப்ப நான் வச்ச மாதிரி வச்சுப் பாக்க எவ்வளவு நேரம்?"

அவன் உலையில் கரி அள்ளிப் போட்டான்.

"சரி, அங்க வயசாச்சுன்னியே, அதுவும் என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னா?"

"நான் நெசமாவே அப்படித்தான் நெனச்சேன், மேஸ்திரி."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. மேனேஜர் நேற்று வந்தவன். இவன் இருபது வருஷம் என் கையைப் பார்த்தவன்.

ஒரு மாதம் அவன் பக்கம் தலைவைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, தொப்பியோடு நேரே வந்தான். கையில் புதுச் சக்கரம். லேத்துமேல் வைத்தான். "எண்ணிப் பாரு" என்றான்.

"நீயே எண்ணு."

விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான். நான் நின்று கேட்டேன். கடைசிப் பல்லில் விரலை நிறுத்தி, "சான் வேன் செத்" என்று சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மாட்டினால் சரியாகத்தான் ஓடும். அவன் கைக்கு வேலை தெரியும், அதை எப்பவும் சொல்வேன்.

"பாய், பாகூருக்குப் போ. தப்பு சக்கரத்துல, சக்கரம் பண்ணது நான், அவர் கையில ஒண்ணுமில்லன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. டீக்கடையில வச்சும் சொல்லு."

தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். தலையை ஆட்டினான்.

"சரி மேஸ்திரி, ஆகட்டும்."

சக்கரம் லேத்துமேலேயே கிடந்தது. நான் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனேன். அவன் போகமாட்டான்.