இரண்டு ஆள் வேலை

குடும்ப நீதிமன்றத்துக்கு எளிமையாக உடுத்திக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. என் தங்கை கேட்கிற ஆளா? கசங்கின துணியில் வெளியே போனால் அவளுக்குச் சோறு இறங்காது. தன் வலது மணிக்கட்டில் கட்டு என்பதால் புடவையை என்னைத் தேய்க்க வைத்து, பக்கத்தில் நின்று மூன்று முறை திருத்தினாள். ஜீவனாம்சம் கேட்கப் போகிறவள் மாதிரியா இருந்தாள்? விசாரிக்க வந்த அதிகாரி மாதிரி இருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அவள் புருஷன் சலவைக்கடை வைத்திருக்கிறார். பதினாறு வருஷம் அந்தக் கடையின் தேய்க்கும் மேசை முன்னால் இவள்தான் நின்றாள். மாப்பிள்ளை குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் போன வருஷம் இவள் மணிக்கட்டு வீங்கி, பெட்டியையே தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இடது கையால தேய்ச்சுக்கோ" என்றார். அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விவாகரத்து வழக்கு நத்தை வேகத்தில் போகிறது. அது முடியும்வரை மாதாமாதம் ஒரு தொகை தரச் சொல்லி மனுப் போட்டிருந்தோம். நான் பஸ் கண்டக்டர். இரண்டு அறை வீடு, ஒரே சம்பளம்.

"இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கலன்னா நான் அந்த மேசைக்கே திரும்பிப் போயிடறேன்க்கா" என்றாள் வழியில்.

"வாய மூடுடி" என்றேன்.

மாப்பிள்ளை வந்தார். சட்டைக் காலரில் பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு. சலவைக்கடைக்காரருக்கு இந்தக் கதி!

அவருடைய வக்கீல் எழுந்து, "இந்தம்மா சொந்தமா சம்பாதிக்கிற திறமை உள்ளவங்க. உதவித்தொகை தேவையே இல்ல" என்றார்.

"என்ன திறமை?" என்று நீதிபதியம்மா மாப்பிள்ளையைக் கேட்டார்.

தொழிலைப் பற்றிக் கேட்டால் மாப்பிள்ளைக்கு ஊரே மறந்துபோகும். "என்னம்மா அப்படிக் கேட்டுட்டீங்க! கோட்டு, மடிப்புப் பாவாடை, ஹோட்டல் மேசை விரிப்பு, எது குடுத்தாலும் கண்ணாடியா நிக்கும். இவ கைக்காகத்தான் மூணு ஹோட்டல் எங்க கடைக்கு வந்துச்சு."

அவருடைய வக்கீல் இருமினார். மாப்பிள்ளைக்கு அது காதில் விழவில்லை.

"இப்ப அந்த வேலைய யார் செய்யறாங்க?"

"ரெண்டு ஆள் போட்டிருக்கேன். ரெண்டு பேர் சேர்ந்தும் இவ அளவுக்கு வரலம்மா!"

"அவங்களுக்குச் சம்பளம்?"

"ஒண்ணாம் தேதி டான்னு குடுத்துடுவேன். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது."

"இவங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

"பொண்டாட்டிக்கு யாராவது சம்பளம் குடுப்..." அத்தோடு நின்றது. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

நீதிபதியம்மா சிரிக்கவில்லை. தங்கையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், டாக்டர் சான்றிதழைப் புரட்டினார். வழக்கு முடியும்வரை மாதம் ஒரு தொகை, கை வைத்தியத்துக்குத் தனி என்று உத்தரவு போட்டார். நாங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

வெளியே வராந்தாவில் மாப்பிள்ளை வழிமறித்தார். முகம் செத்துப்போயிருந்தது. "நான் உன்னப் பெருமையாத்தானே சொன்னேன்?"

"பதினாறு வருஷம் எதிர்லயே நின்னேன். இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஜட்ஜ் வேண்டியிருந்துதா?" என்றாள் இவள்.

அவர் கை தானாகக் காலர் தழும்பை மூடியது. அவரைத் திட்ட நான் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. பாவமாக இருந்தது, அந்த மனிதரைப் பார்த்தும்.

பஸ்ஸில் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

"அதான் கிடைச்சிடுச்சே, இன்னும் என்னடி அழுகை?"

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டாள். "ரெண்டு பேர் சேர்ந்தும் வரலையாமேக்கா. நீ கேட்டியா?"

"கேட்டேன்டி" என்றேன்.