மாதா கூண்டுக்கு வந்த ஸ்பிரிட்

சூளகிரிக் கம்பெனியின் பாதுகாப்பு வகுப்பில் ரெனிட்டா வழக்கம்போல் பாதித் தூக்கத்தில் இருந்தாள். திரையில் ஒரு நீல டிரம் வந்தது.

"இது மெத்தனால். மூச்சு வழியாவும் ஏறும், தோல் வழியாவும் ஏறும். மொதல்ல கண்ணு போவும்," என்றார் அதிகாரி.

அவளுக்குத் தூக்கம் பறந்தது. அதே டிரம்மிலிருந்து ஒரு கேன் பிடித்து, யாருக்கும் தெரியாமல் முந்தாநாள் வீட்டுக்குக் கொண்டுபோனவள் அவள்தான்.

புருஷன் சூசை அரக்கு பாலிஷ்காரன். அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பான். பாலிஷுக்கென்று விற்கும் எத்தனால் ஸ்பிரிட்டை லைசென்ஸ் இல்லாமல் தரமுடியாது என்று ஓசூர்க் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். பாகலூர் கோயிலில் மாதா சொரூபம் வைக்கும் மரக் கூண்டையோ திருவிழாவுக்குள் முடிக்கவேண்டும். "எங்க கம்பெனில மெஷின் தொடைக்கவே டிரம் டிரம்மா கெடக்குதே" என்று பீற்றிக்கொண்டாள். வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? அவனும் ஒரு சில்லைப் போட்டுப் பார்த்தான். கரைந்தது, சட்டென்று காய்ந்தது. தொழில்காரனுக்கு அது போதுமே!

அவன் வேலை செய்யும் லட்சணம் அவளுக்குத் தெரியும். ஈர பாலிஷில் தூசி உட்காரக் கூடாதென்று கதவு ஜன்னல் எல்லாம் சாத்துவான், ஃபேனை நிறுத்துவான். கையுறை போட்டால் மரத்தின் பதம் விரலுக்குத் தெரியாதாம். இரண்டு நாளாகக் கோயிலின் பின்னறைக்குள் அவனும் அந்தச் சனியனும்தான்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். காலையில் தலைவலி என்றவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பியது ஞாபகம் வந்தது. பாகலூர் வரை ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

கதவைத் தள்ளியதும் நெடி மூச்சை அடைத்தது. கூண்டு தகதகத்தது. சூசை சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"யாரு, ரெனியா? என்னாமே, உள்ளல்லாம் பனி எறங்கியிருக்குது?"

பகல் பதினொரு மணி, வெளியே சுள்ளென்ற வெயில். பயத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஆட்டோவில் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன குடிச்சீங்க?"

"சாராயங்க," என்றான் சூசை, அவள் முந்துவதற்குள். "யாரோ குடுத்தாங்க, குடிச்சிட்டேன்."

ஒன்பது வருஷமாக ஒரு சொட்டுத் தொடாதவன். பேசாதே என்று அவள் கையை அழுத்தப் பார்த்தான். அவன் கை காற்றில்தான் துழாவியது. அதைப் பார்த்ததும் வேலை, போலீஸ், கேஸ் என்ற பயமெல்லாம் அவளுக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

"பொய் சொல்றாருங்க டாக்டர்! குடிக்கல. மெத்தனாலுங்க. ரெண்டு நாளா மூச்சுலயும் கையிலயும் ஏறியிருக்குது. கம்பெனிலருந்து திருடிக் குடுத்தது நாந்தான். என் பேர எழுதிக்கங்க, அவரு கண்ண மட்டும் காப்பாத்துங்க!"

டாக்டர் நர்ஸிடம் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டு, டார்ச்சை அவன் கண்ணருகே கொண்டுபோனார்.

"வெளிச்சம் தெரியுதா?"

"லைட்டப் போடுங்க டாக்டர், பாத்துச் சொல்றேன்," என்றான் சூசை.

டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது.